சூசையப்பரும் நாவுக்கரசரும்: ‘அப்பர்’ என்ற பெயர் வந்த வழி

சூசையப்பர் என்ற பெயரைப் பிரித்துப் பார்த்தால் முற்பாதி கப்பலில் வந்தது. பிற்பாதி இந்த மண்ணிலேயே இருந்தது. யோசேப்பு என்ற எபிரேயப் பெயர் போர்ச்சுக்கீசியர் வாயில் ‘ஜொசே’ ஆயிற்று. கடற்கரைத் தமிழர் அதைச் ‘சூசை’ ஆக்கிக்கொண்டார்கள். ‘அப்பர்’ என்பதைச் சேர்த்தவர்கள் தமிழர்களே. ஒரு தச்சரைப் பற்றிக் கேள்விப்பட்டதும், அவர் பெயரை வெறுமனே சொல்ல மனம் வராமல் பின்னால் ஓர் ‘அப்பர்’ ஒட்டிவிட்டார்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அந்தப் புனிதர் பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது. ‘செயின்ட் ஜோசப்’ என்றால்தான் இன்று ஆட்டோக்காரருக்குத் தெரியும். ஆனால் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கெடிலத்தின் மறுபக்கம் இன்னோர் அப்பர் இருக்கிறார். திருப்பாதிரிப்புலியூரில் கரையேறிய திருநாவுக்கரசர். இந்த இருவருக்கும் ஒரே பெயர் எப்படி வாய்த்தது என்று தேடிப்போனால், தமிழன் கடவுளையும் பெரியோரையும் தகப்பனாக எண்ணிய முறையே கண்ணுக்குத் தெரிகிறது. தமிழில் ‘அப்பர்’ பெற்றவனுக்கு மட்டும் உரிய பெயர் அன்று. ஏற்றுக்கொண்டவனுக்கும் ஏற்றுக்கொள்ளப்பட்டவனுக்கும் இடையே பிறக்கும் பெயர் அது. கிறிஸ்தவம் பேசும் தந்தைமை இந்தச் சொல்லுக்குள் அவ்வளவு இயல்பாக வந்து குடியேறியதற்கு அதுதான் காரணம் என்பது என் துணிபு.

நாவுக்கரசரிலிருந்தே தொடங்கலாம். பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் மருணீக்கியார் என்ற பெயரோடு பிறந்தவர். இளமையிலேயே தந்தை புகழனாரும் தாய் மாதினியாரும் இறந்துபோனார்கள். அக்காள் திலகவதியார்தான் வளர்த்தார். தனக்கென்று பேசி முடித்த மாப்பிள்ளை போரில் மாண்டபின், தம்பிக்காகவே உயிர் தாங்கியவர் அந்த அம்மையார். தம்பி சமணம் தழுவிப் பாடலிபுத்திரத்துப் பள்ளியில் தருமசேனர் ஆனார். சூலை நோய் வந்து திருவதிகைக்குத் திரும்பினார். பல்லவ மன்னன் கல்லிலே கட்டிக் கடலில் போட, கல் தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் ஒதுங்கியது என்பது சேக்கிழார் சொல்லும் வரலாறு. கரையேறவிட்ட குப்பம் என்ற ஊர்ப்பெயர் இன்றும் அந்த நினைவைச் சுமக்கிறது. சித்திரையில் கரையேற்று விழாவும் நடக்கிறது.

கரையேறியவர் பாதிரிப்புலியூர் இறைவனைப் பாடிய பதிகம் தேவாரம் நான்காம் திருமுறையில் இருக்கிறது. அதன் தொடக்கத்தில் இறைவன் முதலில் ஈன்ற தாய், பிறகு ‘எந்தை’, பிறகு உடன்பிறந்தார். பெற்றோரை இழந்து அக்காளிடம் வளர்ந்த ஒருவர், இழந்த உறவுகளை ஒவ்வொன்றாக எண்ணி இறைவனிடத்தில் வைக்கிறார். தாயை முன்னே வைத்ததைக் கவனிக்க வேண்டும். கடவுளைத் தந்தை என்று மட்டும் பழகிய கிறிஸ்தவ வாசகர் இங்கே சற்று நின்று படிப்பது நல்லது.

இத்தனைக்கும் அவருக்கு ‘அப்பர்’ என்ற பெயரை வைத்தது ஒரு பிள்ளை. சிதம்பரத்துக்குத் தெற்கே சீர்காழியில், தகப்பனார் குளத்தில் மூழ்கியிருந்த நேரத்தில், தோணியப்பர் கோயிலைப் பார்த்து அம்மாவையும் அப்பாவையும் கூவி அழுத மூன்று வயதுச் சம்பந்தர். குளத்திலிருந்து எழுந்து வந்த தகப்பனார், பிள்ளையின் வாயில் பால் வழிவதைக் கண்டு, அதைக் கொடுத்தது யார் என்று அதட்டிக் கேட்க, குழந்தை வானத்தைச் சுட்டிக் காட்டியது. பின்னாளில் வயது முதிர்ந்த நாவுக்கரசர் சீர்காழிக்கு வந்தபோது, அதே பிள்ளை அவரை ‘அப்பரே’ என்று அழைத்தது. பெற்றெடுத்த தகப்பன் குளத்தில் மூழ்கியிருக்கக் கடவுளை அப்பா என்று கூப்பிட்ட வாய், பிள்ளையே இல்லாத ஒரு துறவியையும் அப்பர் என்று கூப்பிட்டது. ஏழாம் நூற்றாண்டுக் கதை. அந்த ஒரு விளியே அவருக்கு நிலைத்த பெயராகிவிட்டது. மருணீக்கியார் என்றால் இன்று பலருக்குத் தெரியாது.

விளி என்ற சொல்லில் விஷயம் இருக்கிறது. ‘அப்பன்’ என்பது பெயர். அதைக் கூப்பிடும் வடிவம் ‘அப்பா’. முருகன் ‘முருகா’ ஆவது போல. நாளடைவில் கூப்பிடும் வடிவமே பெயராக நின்றுவிட்டது. “அப்பா வந்தார்” என்கிறோம். ‘அப்பன் வந்தான்’ என்றால் சண்டைக்கு வருவார்கள். ஆக, தமிழன் தன் தகப்பனைக் குறிக்க வழங்கும் சொல்லே ஓர் அழைப்பு. அவரைப் பற்றிப் பேசும்போதும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டேதான் பேசுகிறான்.

‘தந்தை’ அப்படி அன்று. சங்கத் தமிழில் அது மூன்றாக நின்றது: எந்தை, நுந்தை, தந்தை. என் தகப்பன், உன் தகப்பன், அவன் தகப்பன். யாருடைய தகப்பன் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது. குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டில் எந்தையும் நுந்தையும் அடுத்தடுத்து நிற்பது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். மொழி முதலில் குற்றியலுகரம் வரும் அரிய இடமாகத் தொல்காப்பியம் காட்டுவதும் ‘நுந்தை’ என்ற முறைப்பெயரையே. பிற்காலத்தில் எந்தையும் நுந்தையும் வழக்கொழிந்தன. ‘தந்தை’ மட்டும் தங்கி, யாருக்கும் பொதுவான ஏட்டுச் சொல்லானது. அதனால்தான் ‘தந்தையே’ என்று எந்த வீட்டிலும் பிள்ளை கூப்பிடுவதில்லை.

இனிக் கிறிஸ்தவப் பக்கம் வருவோம். சூசையப்பர் தனியாள் அல்லர். பேதுரு இராயப்பர், பவுல் சின்னப்பர், யோவான் அருளப்பர், யாக்கோபு சந்தியாகப்பர். இவற்றுள் சில வெறும் ஒலிமாற்றம்: சந்தியாகு என்பது ‘சாந்தியாகோ’ என்ற ஐபீரியப் பெயரின் தமிழ்க்குரல். சிலவோ பொருளறிந்து ஆக்கியவை. பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் சிறியவன் என்று பொருள், அதனால் சின்னப்பர். யோவான் என்ற எபிரேயப் பெயரில் கடவுளின் அருள் இருக்கிறது, அதனால் அருளப்பர். இரண்டு வகைக்கும் பொதுவானது கடைசியில் வரும் ‘அப்பர்’. இந்த ஒட்டு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. திருநெல்வேலியில் நெல்லையப்பர், திருவையாற்றில் ஐயாறப்பர், சீர்காழியில் தோணியப்பர். தலைமுறை தலைமுறையாக இப்படிக் கூப்பிட்டுப் பழகிய நாவு, ஞானஸ்நானம் பெற்றபின் வேறு எப்படிக் கூப்பிடும்?

சின்னப்பர் என்ற பெயரில் இன்னொரு நயம் உண்டு. தகப்பனின் உடன்பிறந்தானைத் தமிழர் பெரியப்பா, சித்தப்பா என்பார்கள். சில பக்கங்களில் சித்தப்பாவையே சின்னப்பா என்பதும் உண்டு. மூத்தவர் பெரிய அப்பா, இளையவர் சின்ன அப்பா. தகப்பன் ஒருவர்தான், ஆனால் அப்பாக்கள் பலர். மாமாவுக்கு இந்தச் சொல் கிடையாது, தாத்தாவுக்குச் சில வட்டாரங்களில் உண்டு: யாழ்ப்பாணத்தில் அப்பப்பா, கொங்கில் அப்பாரு, தாய்வழியில் அப்புச்சி. பிள்ளையைப் பொறுப்பேற்கக் கூடியவர் எவரோ அவரையெல்லாம் அப்பா என்று சொல்லிவைத்திருக்கிறது நம் உறவுமுறை. நிருபங்கள் எழுதிச் சபைகளை வளர்த்த பவுல் இந்த வரிசையில் ‘சின்ன அப்பா’வாகப் போய் உட்கார்ந்தது பொருத்தம்தான்.

கடலூர்க் கரைக்கு வந்த ‘அப்பன்’ சொற்கள் இன்னும் இருக்கின்றன. திருப்பாதிரிப்புலியூர் என்ற பெயரில் உள்ள பாதிரி ஒரு மரம். தேன் மணக்கும் பூ. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் தில்லையோடு இதுவும் இருக்கிறது. கோயிலின் தலமரம் அதுவே, இறைவன் பாடலீசுவரர், வடமொழியில் பாடலம். சிதம்பரம் தில்லை மரத்தால் பெயர்பெற்றது போல இது பாதிரியால் பெயர்பெற்ற ஊர். ஆனால் போர்ச்சுக்கீசியர் வந்தபின் தமிழில் இன்னொரு பாதிரி பிறந்தது. குருவானவரை அவர்கள் ‘பாத்ரே’ என்றார்கள். பொருள், தகப்பன். மெய்யெழுத்துகள் அப்படி அடுக்கி நிற்பது நம் நாவுக்கு வராது. இடையில் ஓர் இகரத்தைப் போட்டுப் ‘பாதிரி’ ஆக்கினோம். ‘மெஸ்த்ரே’ என்ற அவர்கள் சொல் ‘மேஸ்திரி’ ஆனதும் இதே வழியில்தான். மரமும் குருவும் ஒலியால் ஒன்றானது தற்செயல். தேவாரக் காலத்துப் பாதிரிக்கும் பதினாறாம் நூற்றாண்டுப் பாதிரிக்கும் தொடர்பு கிடையாது. ஊர்ப்பெயரைக் கிறிஸ்தவக் குருவோடு முடிச்சுப்போடுகிறவர் யாராவது உண்டென்றால் அவர் சம்பந்தரையும் நாவுக்கரசரையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது. ‘பாத்ரே’, அதன் தாயான இலத்தீன் ‘பாத்தெர்’, வடமொழிப் ‘பிதா’, ஆங்கில ‘ஃபாதர்’ எல்லாம் ஒரே வேரின் கிளைகள். தரைவழியாக வடக்கிலிருந்து பிதா வந்தது. கடல்வழியாகப் பாதிரி வந்தது. கம்பெனிக்காரரோடு ஃபாதர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் கடலூர்க்காரர் ஒருவர் பிதாவை வணங்கி, ஃபாதரிடம் ஆசி வாங்கி, பாதிரியார் நல்ல மனுசர் என்று வீட்டில் சொன்னால், ஒரே சொல்லை மூன்று வேடத்தில் சொல்கிறார். இந்த மூன்றும் வந்து சேர்ந்தும் வீட்டில் தகப்பனை அழைக்க இவற்றில் ஒன்றையும் தமிழர் எடுத்துக்கொள்ளவில்லை.

புராட்டஸ்டண்டு கிறிஸ்தவம் இந்தக் கரைக்கு வந்தது ஆங்கிலக் கம்பெனியின் நிழலில். 1690இல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கம்பெனி வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் எல்லை வரையுள்ள ஊர்களும் விலையில் சேர்த்தி; குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அந்தக் கதையைச் சொல்கிறது. கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயரிட்டார்கள். 1740இல் கியர்னாண்டர் என்ற சுவீடன் நாட்டு மிஷனரி ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து கடலூருக்கு வந்து பள்ளியும் சபையும் நடத்தினார். 1749இல் கத்தோலிக்கர் கோயிலைக் கம்பெனியார் எடுத்து அவரிடம் கொடுத்தார்கள். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்தபின் அவர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். ஒரு கோயிலை ஒருவரிடம் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்ததை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரே பிதாவை வணங்கியவர்கள்தாம் இரு தரப்பும்.

அந்தத் தமிழ்ச் சபைகளில் கடவுளுக்கு என்ன பெயர் என்பதில் ஒன்றரை நூற்றாண்டு வழக்கு நடந்தது. கத்தோலிக்கரும், வேதத்தைத் தமிழாக்கிய மிஷனரிகளுள் சீகன்பால்குவும் சர்வேசுரன் என்றார்கள். பப்ரிசியஸ் பராபரன் என்றார். ரேனியஸ் தேவன் என்றார். 1871இன் ஐக்கிய மொழிபெயர்ப்பில் தேவன் நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டுத் திருத்தங்களில் கடவுள் வந்தது. அதற்கு முன்னே, 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் ‘தம்பிரான்’ என்றது. இத்தனை மாறியும், அந்த ஐக்கிய மொழிபெயர்ப்பைப் படிக்கும் சபைகளில் ‘பிதா’ இன்றுவரை அசையவில்லை. அது மேடைச் சொல், மரியாதைச் சொல். எந்தப் பிள்ளையும் தன் வீட்டில் வழங்காத சொல். அதனாலேயே அது கடவுளுக்கென்று தனியே ஒதுக்கிவைத்த சொல்லாயிற்று.

அந்த வேதாகமத்திலேயே மூன்று இடங்களில் பிதாவுக்கு முன்னால் ‘அப்பா’ வந்து நிற்கிறது. மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6. தமிழ் வாசகர் பலரும் இதை மொழிபெயர்ப்பாளர் இட்ட தமிழ்ச்சொல் என்றே நினைத்துப் படிக்கிறார்கள். இல்லை. அது இயேசு பேசிய அரமேயச் சொல். கிரேக்கத்தில் எழுதியவர்கள் அதை மாற்ற மனமின்றி அப்படியே வைத்தார்கள். ஆங்கிலேயனுக்கும் ஜெர்மானியனுக்கும் அகராதி தேவைப்படும் அந்த இடத்தை, தமிழன் தன் வீட்டுச் சொல்லாகவே வாசித்துவிடுகிறான். ஒலியொற்றுமை தற்செயல்தான், இரண்டு மொழிகளும் வேறுவேறு குடும்பம். ஆனால் அந்தத் தற்செயலால் நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு பெரிது.

ஏனென்றால் இந்தச் சொல்லின்மேல் மேற்கில் ஒரு பெரிய விவாதம் நடந்திருக்கிறது. ஜெர்மானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ், ‘அப்பா’வின் வேர் குழந்தையின் மழலையில் இருக்கிறது என்றும், கடவுளை அப்படிக் கூப்பிட்டது இயேசுவின் தனித்துவம் என்றும் எழுதினார். பிரசங்க மேடைகளில் அது ‘டாடி’ என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஜேம்ஸ் பார் 1988இல் அதை மறுத்தார்: வளர்ந்தவர்களும் தகப்பனை அப்படித்தான் அழைத்தார்கள், அது மழலை அன்று என்றார். தமிழனுக்கு இந்தச் சண்டை புரிவதற்கே கொஞ்சம் நேரமாகும். இரண்டு வயதுக் குழந்தையும் அப்பா என்கிறது. அறுபது வயதில் படுக்கையில் கிடக்கும் தகப்பனுக்குக் கஞ்சி கொடுக்கும் மகனும் அப்பா என்கிறான். நெருக்கமும் மரியாதையும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க வேண்டியதில்லை.

அந்த மூன்று இடங்களில் இரண்டு பவுல் எழுதியவை. இரண்டிலும் அருகில் நிற்கும் சொல் ‘புத்திர சுவிகாரம்’. தத்து எடுப்பது. பெறாத பிள்ளைகளை ஏற்றுக்கொண்டார் கடவுள். ஏற்கப்பட்டவர்கள் அவரை அப்பா என்று கூப்பிடுகிறார்கள். சின்னப்பர் என்று நாம் பெயரிட்ட அதே பவுல்தான் இதை எழுதினார். சீர்காழிப் பிள்ளை நாவுக்கரசரைக் கூப்பிட்டதும் நம் வீடுகளில் பெரியப்பாவைக் கூப்பிடுவதும் இந்தத் தமிழ்க் காதுக்குள் இருக்கும்போது, பவுல் சொல்வது நமக்கு வெளியூர்ச் செய்தியாக இருக்க முடியாது.

சூசையப்பருக்கு ‘அப்பர்’ ஏன் எல்லாரையும்விடப் பொருந்துகிறது என்பதும் இங்கேதான் விளங்கும். அவர் இயேசுவைப் பெற்றவர் அல்லர் என்று சுவிசேஷம் தெளிவாகச் சொல்கிறது. சுவிசேஷங்கள் நான்கிலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. மத்தேயுவில் அவரிடம் தூதன் கேட்பது இரண்டு காரியங்கள்: மரியாளைச் சேர்த்துக்கொள், பிள்ளைக்கு இயேசு என்று பேரிடு. அவர் இரண்டையும் செய்தார். பெயரிட்டதால் தகப்பன் ஆனார். பிறகு இரவோடு இரவாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போனார். திரும்பி வந்து நாசரேத்தில் தச்சுவேலை செய்தார். ஏற்றுக்கொண்டு, பெயர் வைத்து, காப்பாற்றி, தொழில் கற்றுக்கொடுத்ததே அவருடைய தந்தைமை. 

இதைத் தமிழில் பெருங்காப்பியமாகவே பாடியவர் இந்தக் கடலூர் மாவட்டத்தோடு தொடர்புள்ளவர். விருத்தாசலத்துக்கு அருகில் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எடுத்த வீரமாமுனிவர். அவருடைய தேம்பாவணியில் 3,615 பாடல்கள். காப்பியத் தலைவர் சூசையப்பர். இயேசுவோ மரியாளோ அல்லர். பெருக்கம் என்ற பொருளுடைய யோசேப்பு என்ற பெயரை அவர் ‘வளன்’ என்று தமிழாக்கினார். அழகான ஆக்கம்தான், ஆனால் மக்கள் வாயில் வளன் ஏறியதைவிடச் சூசையப்பர் ஆழமாக ஏறியது. கற்றவர் பொருளைப் பெயர்த்தார். மீன்பிடிக்கிறவரும் உப்பெடுக்கிறவரும் உறவைச் சேர்த்தார்கள். உறவுதான் நின்றது. 2020 டிசம்பர் முதல் ஓராண்டைப் போப் பிரான்சிஸ் இவருக்கென்று ஒதுக்கி, தந்தையின் இதயத்தோடு என்று பொருள்படும் தலைப்பில் ஒரு மடலும் எழுதினார். அந்தத் தலைப்பு தமிழனுக்குப் புதிதல்ல. அவன் பெயரிலேயே வைத்திருக்கிறான்.

இதே ஒட்டு இன்று எல்லாச் சபைகளிலும் ஒலிப்பது ‘இயேசப்பா’ என்ற பெயரில். இரவில் குடும்ப ஜெபத்தைக் கவனித்துப் பாருங்கள். பெரியவர் “சர்வ வல்லமையுள்ள பிதாவே” என்று தொடங்குவார். வேலை, நோய், கடன், மகள் கலியாணம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வருகையில் குரல் தழுதழுக்கும்போது பிதா போய் அப்பா வந்துவிடும். கடைசியில் வீட்டின் சிறுபிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு “இயேசப்பா” என்று ஆரம்பிக்கும். குமாரனை எப்படி அப்பா என்று சொல்லலாம், திரித்துவத்தையே குழப்புகிறார்களே என்று சிலர் கடிந்துகொள்வதுண்டு. அவர்கள் இறையியல் படித்த அளவுக்குத் தமிழைக் கவனிக்கவில்லை என்பேன். பெயருக்குப் பின்னால் வரும் இந்த ‘அப்பா’ யார் யாரைப் பெற்றார் என்பதைப் பேசுவதே இல்லை. சூசையப்பரையும் சின்னப்பரையும் அருளப்பரையும் கூப்பிட்ட அதே ஒட்டு அது. நீர் எனக்குப் பொறுப்பு, நான் உமக்குப் பிள்ளை என்பதுதான் அதன் பொருள். ஏசாயா 9:6இல் பிறக்கும் பாலகனுக்கே ‘நித்திய பிதா’ என்ற பெயர் சொல்லப்பட்டிருப்பதையும் கடிந்துகொள்கிறவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அப்பா என்ற சொல் எல்லாருக்கும் இனிக்காது. குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்த அப்பாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கடவுளை அந்தச் சொல்லால் கூப்பிடத் தொண்டை அடைக்கும். அப்படிப்பட்டவருக்கு வீட்டில் யாரும் வழங்காத ‘பிதா’ ஓர் அடைக்கலமாக இருக்கும். அதில் பழைய காயம் எதுவும் ஒட்டியிருக்காது. அவர்களை அப்பா என்று சொல்லியே ஆகவேண்டும் என்று மேடையிலிருந்து வற்புறுத்துவது கொடுமை. பாதிரிப்புலியூர்ப் பதிகம் போலத் தாயிலிருந்தும் தொடங்கலாம். ஏசாயாவின் கடைசி அதிகாரத்தில், தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன் என்று கர்த்தரே சொல்கிறார். இந்தப் பெயரைத் தாங்கும் தகப்பன்மாருக்கும் அதில் செய்தி இருக்கிறது: பிள்ளை கடவுளைக் கூப்பிடும் சொல்லை முதலில் நல்லதாக்குவதோ கெடுப்பதோ அவர்கள்தாம்.

1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியம் பிதாவை எடுத்துவிட்டுத் ‘தந்தை’யை வைத்தது. பாப்பரசர் ‘திருத்தந்தை’ ஆனார். குருவானவர் ‘அருட்தந்தை’ ஆனார். நல்ல தமிழ், வரவேற்கிறேன். அதே பொது மொழிபெயர்ப்பில் இராயப்பர் பேதுருவாகவும், சின்னப்பர் பவுலாகவும், அருளப்பர் யோவானாகவும், சூசையப்பர் யோசேப்பாகவும் மாறினார்கள். சபைகள் ஒன்றுபட ஒரே பெயர் வேண்டும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. வேதப் புத்தகத்தில் அப்படியே இருக்கட்டும். ஆனால் பூசையிலும் வீட்டிலும் தேர்த்திருவிழாவிலும் பழைய பெயர்கள் தேய்ந்துவருகின்றன. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஜோசப்பும் ஜானும் பாலும் நிறைகின்றன.

உங்கள் தாத்தாவோ பூட்டனாரோ சின்னப்பன், அருளப்பன், இராயப்பன், சூசையப்பன் என்று பெயர் தாங்கியிருந்தால், அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயரை ஒருமுறை யோசியுங்கள். பள்ளியில் அது பழைய பெயராகத் தெரியுமோ என்று தயங்க வேண்டாம். அதைவிடப் பொருள் நிறைந்த கிறிஸ்தவப் பெயர் தமிழில் இல்லை.